மூலையில் குந்திய முதியோன்



லண்டன் மாநகரில் ஸ்ட்ராண்ட் என்னும் பெருந்தெருவை அடுத்து நார்போக் தெரு என்று ஒரு தெரு இருந்தது. அங்கே ஏ.பி.ஸி. கம்பெனியார் நடத்திய தேநீர்ச்சாலையின் ஒரு மூலையில் மெலிந்த உருவமும் வழுக்கைத் தலையும் கொண்ட கிழவர் ஒருவர் நாள்தோறும் வந்து அமர்வார். அவர் கையில் ஒரு துண்டுக் கயிறு இருக்கும். அதில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக விரல்கள் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும். எதிரே அமர்ந்திருக்கும் இளம் பெண் ஒரு பத்திரிகை நிருபர். போலீஸார் துப்புத் துலக்க முடியாமல் கைவிட்ட கொலையையும் களவையும் கிழவர் இருந்த இடத்திலிருந்தே விடுவித்துக் காட்டுவார். அறிவைச் செலுத்தினால் மர்மம் என்று ஒன்றுமே இல்லை என்பது அவருடைய கட்சி. குற்றவாளி இன்னார் என்று கண்டுபிடித்த பின்னரும் அவர் போலீஸுக்குச் சொல்லப் போவதில்லை. கெட்டிக்காரக் குற்றவாளியிடம் அவருக்கு ஒருவகை மதிப்புக்கூட உண்டு.

இக்கிழவரைப் படைத்தவர் ஆர்க்ஸி சீமாட்டியார். 1865இல் ஹங்கேரி நாட்டில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர். இக்கதைகளில் முதலாவது 1901இல் ஒரு லண்டன் சஞ்சிகையில் வெளிவந்தது. அவற்றில் பலவற்றைச் சேர்த்து, மூலையில் இருக்கும் கிழவன் என்று பொருள்படும் பெயருடன் 1909இல் நூலாக்கினார்கள். உலகத்துத் துப்பறியும் இலக்கியத்தில், நாற்காலியை விட்டு எழாமலே துப்புத் துலக்கும் அறிஞர்கள் பலர் உண்டு. அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் இவர்.

இந்த லண்டன் கிழவருக்கும் ஹட்டன் நகருக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். ஹட்டனிலும் டிக்கோயாவிலும் கொய்த கொழுந்து லண்டன் தேநீர்ச்சாலைகளுக்குப் போயிற்று என்பது ஒரு தொடர்புதான். ஆயினும் கதையில் வரும் கிழவர் தேநீர்ச்சாலையில் அமர்ந்துகொண்டு பால் குடிப்பவர்! ஆகவே அந்த வழியை விட்டுவிடுவோம். வேறொரு தொடர்பு உண்டு. அது 1924ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தமிழ் நூல். அதன் பெயர் ‘மூலையில் குந்திய முதியோன்’. அக்கால வழக்கப்படி ‘அல்லது’ என்று தொடங்கித் துப்பறியும் திறத்தைக் குறிக்கும் இரண்டாம் பெயரும் அதற்கு உண்டு. அது எந்த ஆங்கில நூலைப் பின்பற்றி எழுந்தது என்பதை அத்தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதை எழுதியவர், ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் வீற்றிருந்த கோ. நடேசய்யர் அவர்கள்.

தோட்டத் தொழிலாளரின் முதல் தலைவர் என்றே பலரும் நடேசய்யரை அறிவர். தஞ்சையைச் சேர்ந்தவர். அங்கே அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். கணக்குப் பதிவு, இன்ஷூரன்ஸ், எண்ணெய் இயந்திரம் என்று கதைக்கும் கவிதைக்கும் எட்டாத பொருள்களைப் பற்றியெல்லாம் தமிழில் நூல் எழுதிய மனிதர். இலங்கைக்கு வந்தபின் 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியரானார். அதே 1924இல்தான் இத்துப்பறியும் கதை நூலும் வெளிவந்தது. பகலில் துரைமாரை எதிர்த்துத் தலையங்கம் எழுதிய பேனா, இரவில் அயல்நாட்டுக் கொலைக்கதையைத் தமிழாக்கியது என்று சொன்னால் அது சற்று நாடகப் பாங்காக இருக்கும். ஆயினும் இரண்டையும் செய்த கை ஒன்றே.

மலையகத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் இந்நூலின் முன்னே வந்து சற்றுத் தயங்கி நிற்பதுண்டு. காலத்தால் முந்தியது என்று ஒரு வரியில் குறிப்பிடுவார்கள். பிறகு கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, ஸி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ என்று தோட்ட மண்ணில் வேரூன்றிய நூல்களுக்கு விரைந்து சென்றுவிடுவார்கள். லயமும் பிரட்டும் கங்காணியும் இல்லாத கதையை மலையக நாவல் என்று எப்படிச் சொல்வது என்பது அவர்களுடைய சங்கடம். சங்கடம் நியாயமானதே. என்றாலும், ஒரு நூல் எந்த நாட்டில் நடக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அது யாருடையது என்று தீர்த்துவிடலாகாது என்பது என் கருத்து.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் ‘அசன்பே சரித்திரம்’. 1885இல் அதை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை அவர்கள். ஆனால் கதை தொடங்குவது கண்டியில் அன்று, எகிப்து நாட்டில். அரச குடும்பத்துக் குழந்தை ஒன்று களவாடப்பட்டு, கடல் கடந்து பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகிறது. வளர்ந்து ஆளான பிறகு தன் பிறப்பின் மர்மத்தை அது அறிந்துகொள்வதுதான் கதை. குழந்தைத் திருட்டு, மறைந்த பிறப்பு, தொடரும் சூழ்ச்சிகள் என்று பிற்காலத் துப்பறியும் நாவலுக்கு வேண்டிய சரக்கில் பாதி அதில் இருக்கிறது. நாட்டு விடுதலைக்காகப் போராடித் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா 1883இல் ஆங்கிலேயரால் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்தவர். அவரோடு நெருங்கிப் பழகியவர் சித்திலெவ்வை. அவர் எகிப்தைக் கதைக்களமாகக் கொண்டது வெறும் அலங்காரத்துக்காக அன்று என்பது இதனால் புலப்படும்.

அடுத்து 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’. இதுவும் ஐரோப்பியப் பழங்கதையொன்றைத் தழுவி, அந்நிய நாட்டிலே நடப்பது. அதற்கடுத்து 1895இல் வந்த சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ நாயக்கர் காலத்துத் தமிழகத்துக்குப் போய்விடுகிறது. இலங்கைத் தமிழ் நாவல் தன் ஊரைக் கண் திறந்து பார்க்கும் முன்னர் உலகத்தைச் சுற்றி வந்தது என்று சொன்னால் தவறாகாது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நடேசய்யரின் முதியோன் தனித்து நிற்கவில்லை. முன்னோர் வகுத்த பாதையிலேயே நடந்திருக்கிறார்.

தமிழகத்தின் நிலையும் இதற்குத் துணை செய்தது. 1894இல் பண்டித நடேச சாஸ்திரியார் ‘தானவன்’ என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழுக்கு அறிமுகம் செய்தார். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு பேசப்படும் பெயராயினான். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில மர்மக் கதைகளை மூட்டை மூட்டையாகத் தமிழுக்கு இறக்குமதி செய்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், நடேசய்யரைப் போலவே தஞ்சைச் சீமையைச் சேர்ந்தவர், திகம்பர சாமியாரை உலவவிட்டார். இவர்களுட் பலர் கையாண்ட முறை ஒன்றே. லண்டன் பிரபு தஞ்சாவூர் மிராசுதாராவார்; மேரி மீனாட்சியாவாள்; பனி மூடிய தெரு மார்கழி மாதத்து வீதியாகும். குற்றம் மட்டும் அயல்நாட்டுச் சரக்காகவே இருக்கும்.

இத்தகைய நூல்களைப் பண்டிதர்கள் வெறுத்தார்கள். படித்த பெண்கள் கெட்டுப் போவார்கள் என்று சிலர் கவலைப்பட்டார்கள். ஆனால் மக்கள் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிறர் படிக்கக் கேட்டார்கள். கொலைச் சிந்து என்று ஊரில் நடந்த கொலையைப் பாட்டாகக் கட்டி, சந்தையிலும் ரயில் நிலையத்திலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற மரபு தமிழரிடையே ஏற்கெனவே இருந்தது. கொலைக்கதை கேட்கும் காதை லண்டன்காரர் வந்து நமக்குத் திறந்துவிடவில்லை.

நடேசய்யர் தம் நூலுக்குச் சூட்டிய பெயரில் ஒரு சொல்லை நேயர்கள் கவனிக்கவேண்டும். ‘அமர்ந்த’ என்றோ ‘வீற்றிருந்த’ என்றோ அவர் எழுதவில்லை. ‘குந்திய’ என்கிறார். லண்டன் கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் பாற்கட்டிப் பணியாரத்தை வைத்துக்கொண்டு உண்பவர். அவரைக் ‘குந்த’ வைத்த மாத்திரத்தில் அவர் நம் ஊர்த் திண்ணைக்கோ, லயத்து வாசலுக்கோ வந்துவிடுகிறார். முதியோன் என்ற செந்தமிழ்ச் சொல்லும் குந்திய என்ற பேச்சுச் சொல்லும் ஒரே தலைப்பில் தோளோடு தோள் நிற்கின்றன. பிற்காலத்தில் தொழிலாளரிடையே துண்டுப் பிரசுரம் எழுதிப் பெயர் பெற்ற எழுத்தாளரின் கைவாகு இத்தலைப்பிலேயே தெரிகிறது.

இனி, முக்கியமான கேள்விக்கு வருவோம். அந்தக் காலத் தோட்டத்தில் குற்றம் என்பது யாது? குற்றவாளி என்பவன் யார்?

துப்பறியும் கதைக்கு ஓர் அடிப்படை உண்டு. சட்டம் எல்லோருக்கும் பொது; அதை மீறியவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான்; அவனைக் கண்டுபிடித்தால் உலகம் மறுபடியும் நேராகிவிடும். லண்டன் வாசகன் இதை ஐயமின்றி நம்பினான். மலைநாட்டுத் தொழிலாளி கண்ட சட்டமோ வேறு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவதே சிறைக்குரிய குற்றம். துரை சம்பளம் கொடுக்கத் தாமதித்தால் அது கொடுக்கல் வாங்கல் வழக்கு. தொழிலாளி தோட்டத்தைவிட்டு நீங்கினால் அது கிரிமினல் வழக்கு! அவன் பேரில் உள்ள கடனைக் குறித்த ‘துண்டு’ எனப்பட்ட காகிதம் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. அந்தக் கடனை அடைக்க ஒப்புக்கொள்ளும் தோட்டத்துக்கே அவன் போகலாம். கடன் எப்படி ஏறியது, கங்காணியின் கணக்கில் என்ன எழுதியிருந்தது என்பது பெரும்பாலான தொழிலாளருக்கு விளங்காத மர்மம். லண்டன் கிழவரின் கயிற்றிலிருந்த முடிச்சுகளைக் காட்டிலும் சிக்கலான முடிச்சு அது. இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆக, நடேசய்யர் இலங்கையில் பேனா பிடித்த நாட்களில், ஓடிப்போனவனைக் குற்றவாளியாகக் கண்ட சட்டம் அப்போதுதான் தளரத் தொடங்கியிருந்தது. குற்றம் புரிந்தவன் யார் என்று ஆராயும் கதையை அவர் அவ்வேளையில் தேர்ந்துகொண்டதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பொழுதுபோக்குக்காகவும், பத்திரிகைக்காரருக்குரிய விற்பனை நோக்கத்துக்காகவும் அவர் எழுதியிருக்கலாம், அதில் இழுக்கில்லை. ஆனால் போலீஸார் சொல்வதை நம்பாதே, கண்ட காட்சியை நீயே எண்ணிப்பார் என்று சொல்லும் கிழவரை, எத்தனையோ துப்பறிவாளர் இருக்க, அவர் பொறுக்கி எடுத்திருக்கிறார். புகழ் மிகுந்த ஷெர்லாக் ஹோம்ஸை அவர் எடுக்கவில்லை.

அவருடைய வாழ்க்கையே ஒரு துப்பறியும் கதையின் சாயல் கொண்டது. தோட்டங்கள் தனியார் சொத்து. அழைப்பின்றி நுழைபவன் அத்துமீறிய குற்றத்துக்கு ஆளாவான். ஆகவே தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய நடேசய்யர், புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணி மூட்டையைச் சுமந்து லயங்களுக்குள் சென்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற சாரல்நாடனின் நூல் அவரைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இன்றியமையாதது. நாவலிலே மாறுவேடம் பூணும் துப்பறிவாளன் கொலைகாரனைத் தேடிப் போவான். இவர் தேடிப் போனது பற்றுச்சீட்டையும் சம்பளக் கணக்கையும் தண்ணீர்ப் பீலியையும். மறுபுறத்தில் போலீஸாரும் சும்மா இருக்கவில்லை. அவர் எங்கே பேசினார், என்ன பேசினார், யார் கேட்டார் என்பதையெல்லாம் அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பினார்கள். அவ்வறிக்கைகளை ஆராய்ந்தே குமாரி ஜயவர்த்தனா போன்ற சரித்திர ஆசிரியர்கள் இன்று அவருடைய இயக்கத்தின் கதையை நமக்குச் சொல்கிறார்கள். துப்பறிந்தவரைத் துப்பறிந்தவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளே அவருக்குச் சாசனமாயின!

1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, ஹட்டனை அதன் இருப்பிடமாக்கினார். 1884இல் ரயில் பாதை வந்து சேர்ந்ததிலிருந்து சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் வாசலாக விளங்கிய ஊர் அது. டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை எங்கும் போகிறவர் ஹட்டனில் இறங்கியே ஆகவேண்டும். தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாதவருக்கு நகரத்துக் கடைத்தெருதான் மேடை. அவர் பேசும் முன் துணைவியார் மீனாட்சி அம்மாள் தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடுவார். இந்தியர்களுடைய இலங்கை வாழ்க்கையைப் பற்றிய அவருடைய பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன.

இக்காலத்தில் நடேசய்யர் எழுதியவற்றைப் பாருங்கள். 1931இல் ‘நீ மயங்குவதேன்?’, 1937இல் ‘வெற்றியுனதே’, அதே 1937இல் ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் தொழிலாளர் நாடகம். அயல்நாட்டு முதியோன் இருந்த மூலையில் இப்போது இராமசாமி சேர்வை வந்துவிட்டான். பெயர் நம்முடையது, களம் நம்முடையது. வாசிக்கத் தெரியாத மக்களுக்கு நாவலைக் காட்டிலும் நாடகமும் பாட்டுமே எட்டும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருக்கவேண்டும். 1924இன் நூலும் 1937இன் நாடகமும் ஒருவருடைய வளர்ச்சியின் இரு படிகள் என்று கொள்ளலாம். முதற்படியை ஏளனம் செய்வதற்கில்லை.

இப்போது கண்ணாடியை மறுபுறம் திருப்பிப் பார்ப்போம். நாம் லண்டனைக் கதைக்களமாகக் கண்ட அதே காலத்தில் லண்டன்காரர் நம் நாட்டைக் கதைக்களமாகக் கண்டனர். 1891இல் வெளிவந்த ஹோம்ஸ் கதையொன்றில் திருகோணமலையில் நேர்ந்த ஏதோ ஒரு விந்தையான துயரத்தை ஹோம்ஸ் விளக்கி வைத்ததாக ஒரு வரி வருகிறது. சகோதரர்கள் சம்பந்தப்பட்டது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லப்படவில்லை. நம் திருகோணமலை ஆங்கில வாசகனுக்கு ஒரு மர்மத்தின் வாசனை மட்டுமே! அதன் ஆசிரியர் கோனன் டாயில் 1892இல் எழுதிய இன்னொரு கதையின் நாயகன் இலங்கையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரன். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததையும், அதன் இடத்தில் தேயிலையை வளர்த்தெடுத்த துரைமாரின் நெஞ்சுரத்தையும் அக்கதையில் டாயில் வானளாவப் புகழ்கிறார். தேயிலை இலங்கையர் அந்தப் பாராட்டை இன்றும் பெருமையோடு எடுத்துச் சொல்வதுண்டு. காடு வெட்டிக் கன்று நட்ட தமிழ்க் கூலிகளின் நெஞ்சுரத்துக்கு அதில் இடமில்லை. அயல்நாட்டைக் கதைக்களமாக்கும்போது எவர் கண்ணுக்கு எவர் தெரிகிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

நூற்றாண்டு கடந்த பின்னும் இவ்வழக்கம் மறையவில்லை. 2016இல் ஹாரியட் ஸ்டீல் என்ற ஆங்கில எழுத்தாளர், 1930களின் இலங்கையைக் களமாகக் கொண்டு ஒரு துப்பறியும் நாவல் வரிசையைத் தொடங்கினார். நுவரெலியாவை நினைவூட்டும் ‘நுவாலா’ என்ற கற்பனை மலை நகரம்; அங்கே டி சில்வா என்ற சிங்கள இன்ஸ்பெக்டர். முதல் நூலிலேயே தோட்டத் தொழிலாளரைக் கொடுமைப்படுத்தும் துரை ஒருவர் வருகிறார். டாயிலின் காலத்துக்கு இது முன்னேற்றம்தான். ஆயினும் 1930களின் மலைநாட்டில் நிஜமாகவே மாறுவேடத்தில் உலவிய ஒரு தமிழ்ப் பத்திரிகாசிரியர் இருந்தார் என்பதை எண்ணும்போது, கற்பனை சற்று வெளிறித்தான் தோன்றுகிறது.

கற்பனையை வெளிறச் செய்யும் நிஜ வழக்குகளுக்கும் மலைநாட்டில் பஞ்சமில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது போலீஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சுட்டது தகுமா, கட்டளையிட்டவர் யார் என்பதை ஆராய விசாரணைக் கமிஷன் ஒன்று அமர்ந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றிச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். சாட்சியத்துக்குச் சாட்சியம் முரண்படுவதைக் கண்டு முடிச்சை அவிழ்க்கும் வேலைதான் அதுவும். அங்கே ஒளிந்திருந்த குற்றவாளி எவருமில்லை. துப்பாக்கி பிடித்த கை யாருடையது என்பது அனைவருக்கும் தெரியும். தெரிய வேண்டியிருந்தது அது குற்றம்தானா என்பதே. அடுத்த ஆண்டு, 1941இல், புப்புரஸ்ஸைப் பகுதியின் ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை போப் கொலையுண்டார். அந்த வழக்கில் தொழிலாளர் இருவர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். முதல் வழக்கில் ஒரு கமிஷன் அறிக்கை. இரண்டாம் வழக்கில் இரண்டு தூக்குக் கயிறுகள்.

ஆர்க்ஸி சீமாட்டியார் தம் நூலின் கடைசிக் கதையில் ஒரு வேலை செய்திருக்கிறார். எல்லா மர்மங்களையும் விடுவித்த அக்கிழவரே ஒரு கொலையைச் செய்திருக்கக்கூடும் என்ற ஐயம் எதிரே இருந்த நிருபருக்குப் பிறக்கிறது. கயிற்றின் முடிச்சுகள்தான் அவரைக் காட்டிக்கொடுக்கின்றன. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவனையே ஐயுறவேண்டும் என்ற அந்தத் திருப்பம் 1924இன் ஒரு தமிழ்ப் பத்திரிகாசிரியருக்கு எப்படிச் சுவைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த பொதுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றிருந்தார். மறு ஆண்டு, 1948இல், அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களில் பெரும்பாலோருடைய குடியுரிமை சட்டத்தால் பறிக்கப்பட்டது.